எழுத்தில் இல்லாத கடன்

பதிவுத் தபாலைக் கையெழுத்திட்டு வாங்கியது எங்களில் ஒருவர்தான். மேல்வீட்டில் அப்போது ஆளில்லை. ஸ்காபரோவில் நாங்கள் நான்கு பேர் வாடகைக்கு இருந்த பேஸ்மென்றுக்கும் மேல்வீட்டுக்கும் ஒரே வாசல். 2024 பெப்ரவரி. இரவு ரெஸ்ரோறன்ற் வேலை முடித்து வந்து மத்தியானம் வரை படுத்துக் கிடக்கிற ஆட்கள் நாங்கள். கடிதத்தை மேலே மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டோம். நடுச்சாமம் தாண்டித் திரும்பி வந்தபோது வீட்டுக்கார அக்கா படியில் இருந்தார்.

"தம்பியவை, இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ. அவர் ஒண்டுமில்லை எண்டுறார். எனக்கு மனம் கேக்கேல்லை."

எழுதியிருந்தது இதுதான்: வீட்டை ஈடாக வைத்து எடுத்த லைன் ஒவ் கிரடிட்டின் கொடுப்பனவுகள் தவறிவிட்டன. நிலுவையையும் செலவையும் குறித்த திகதிக்குள் கட்டாவிட்டால் வீடு விற்கப்படும். ஒன்ராறியோவில் இதற்கு ஒரு நாட்கணக்கு உண்டு. தவணை தவறிப் பதினைந்து நாள் கழிந்ததும் விற்பனை அறிவித்தல் கொடுக்கலாம். கொடுத்த பின் குறைந்தது முப்பத்தைந்து நாள் மீட்பதற்கு விட வேண்டும். வீட்டை விற்பதற்கென்று வங்கி வழக்குப் பேசத் தேவையில்லை. அந்த அதிகாரம் ஈட்டுப் பத்திரத்திலேயே இருக்கிறது.

வாசித்துச் சொன்னோம். அக்கா அழவில்லை. "நானும் கையெழுத்து வைச்சனான்தான்" என்றார். குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஈடு வைப்பதற்குக் கணவன் மனைவி இருவர் சம்மதமும் சட்டப்படி வேண்டும். காட்டிய இடத்தில் அவர் கையெழுத்து வைத்திருந்தார்.

அன்றிரவு எங்களுக்குள் எழுந்த கேள்வி இன்னும் அடங்கவில்லை. கட்ட முடியாத கடன் ஒரு மனிதரைக் குற்றவாளியாக்குகிறதா? ஆக்குகிறது என்றால், யாருக்குச் செய்த குற்றம் அது?

*

வீட்டுக்கார அண்ணையும் ஒரு காலத்தில் குசினியில் நின்றவர். கோப்பை கழுவி, பிறகு வெட்டுகிற மேசைக்கு வந்து, பிறகு அடுப்புக்கு வந்து, இருபது வருடத்தில் ஒரு வீடு. எங்களுக்கு அவர் ஒரு முன்மாதிரி. 2021 இலையுதிர் காலத்தில் அந்த வீட்டின் மதிப்பு பத்து லட்சம் டொலரைத் தாண்டியிருந்தது. வீட்டின் மதிப்பில் மோட்கேஜ் போக மிஞ்சியிருப்பதை ஈடாக வைத்து, வேண்டும்போது எடுத்து வேண்டும்போது கட்டுகிற கடன்தான் லைன் ஒவ் கிரடிட். மோட்கேஜும் லைனும் சேர்த்து வீட்டு மதிப்பில் 80 வீதம் வரை வங்கிகள் கொடுக்கும். அண்ணை 180,000 டொலர் எடுத்தார். கூரை, பேஸ்மென்ற் திருத்தம், ஊரில் தங்கையின் கலியாணம், இன்னும் கட்டப்படாத ஒரு மாடிக் குடியிருப்புக்கு முற்பணம்.

அவர் வாங்கிய நேரத்தில் வட்டி 2.95 வீதம். மாதம் வட்டியை மட்டும் கட்டினால் போதும். அது 442 டொலர் 50 சதம். இந்த வட்டி நிலையானதல்ல. மத்திய வங்கியின் வட்டி ஏற இதுவும் ஏறும். 2022 மார்ச்சுக்கும் 2023 யூலைக்கும் இடையில் கனடிய மத்திய வங்கி தனது வட்டியை 0.25 வீதத்திலிருந்து 5 வீதத்திற்கு உயர்த்தியது. அண்ணையின் 2.95 வீதம் 7.70 ஆயிற்று. அதே 180,000 டொலருக்கு இப்போது மாதம் 1,155 டொலர், வட்டி மட்டும். முதலில் ஒரு சதமும் குறையாது. மறுபக்கத்தில் வீட்டு விலை 2022 பெப்ரவரியில் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியிருந்தது. கடன் எடுத்தபோது இருந்த மிச்சம், கட்ட முடியாமற் போனபோது இல்லை.

இதுவரை நடந்ததில் அண்ணை செய்த பிழை என்ன என்று கேட்டால், கணக்குப் பிழை என்றுதான் சொல்லலாம். அவரைவிடப் படித்தவர்களும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். அறம் பற்றிய கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது.

எங்கள் குசினியையும் பக்கத்துக் கடைகளையும் சேர்ந்த இருபது பேர் ஒரு சீட்டுப் பிடித்திருந்தோம். ஆளுக்கு மாதம் 500 டொலர். அண்ணை மூன்றாம் மாதமே கழித்து எடுத்தார். ஏழு மாதம் கட்டினார், பிறகு நின்றுவிட்டது. 6,500 டொலர் பாக்கி. அதைவிட எங்களில் ஒன்பது பேரிடம் தனித்தனியே கைமாற்று வாங்கியிருந்தார். ஒருவரிடம் வாங்கியது மற்றவருக்குத் தெரியாது. எல்லாமாக 22,000 டொலர். ஒருவரிடம் பிள்ளையின் படிப்பு என்று சொன்னார், இன்னொருவரிடம் கார் பழுது என்று சொன்னார். அத்தனையும் வங்கிக்குப் போனது. ஒன்பது மாதம் வங்கியின் வட்டியைக் கட்டியது எங்களுடைய பணம்.

கோப்பை கழுவுகிற தம்பி ஒருவன், ஊரில் தாயின் சத்திரசிகிச்சைக்கென்று சேர்த்து வைத்த 3,000 டொலரைக் கொடுத்திருந்தான். அவனுடைய அகதி வழக்கு அப்போது முடியவில்லை. அவனிடம் இருந்த சொத்து அது மட்டும்தான்.

*

எங்களில் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்தவர்கள் உண்டு. அதில் ஒருவருக்கு மெய்யியல் வகுப்பில் படித்த ஒரு பெயர் நினைவுக்கு வந்தது: கெபலஸ். பிளேட்டோவின் 'குடியரசு' இந்தக் கிழவரின் வீட்டில்தான் தொடங்குகிறது. நீதி என்றால் என்ன என்ற கேள்விக்கு அந்த நூலில் முதலாவதாகப் பேசப்படும் விடை அவருடைய பேச்சிலிருந்து வருகிறது: உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும். செல்வத்தின் பெரிய பயன், யாருக்கும் கடன் வைக்காமற் சாகக் கூடியதாக இருப்பது என்று அவர் நினைக்கிறார். சோக்ரடீஸ் உடனே மறுத்துக் கேட்கிறார்: ஒரு நண்பர் நல்ல நிலையில் ஆயுதத்தை உங்களிடம் தந்து வைத்துவிட்டு, புத்தி பேதலித்த பிறகு வந்து கேட்டால் திருப்பிக் கொடுப்பீர்களா?

வகுப்பில் எங்களுக்குச் சொல்லப்படாத ஒன்றைப் பிறகு வாசித்து அறிந்தோம். கெபலஸ் ஏதென்ஸ் நகரத்தவர் அல்லர். சிராகூஸிலிருந்து வந்து குடியேறியவர். குடியுரிமை இல்லாத, ஆனால் வசதியான ஒரு வந்தேறி. அவர் காலத்துக்குப் பிறகு கி.மு. 404இல் முப்பது கொடுங்கோலர் ஆட்சி அவருடைய மக்களின் சொத்தைப் பறித்தது. ஒரு மகனைக் கொன்றது. இன்னொரு மகன் தப்பியோடினான். கடனில்லாமற் சாவது நீதி என்று சொன்ன வீட்டிலிருந்தே ஓர் அகதி புறப்பட்டான். கையில் பணமுள்ளவரைக்கும் கெபலஸின் விடை போதும். பணம் போன பிறகு என்ன விடை?

கெபலஸ் சொன்னதில் இரண்டு பகுதி இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம். திருப்பிக் கொடுப்பது ஒன்று, உண்மை பேசுவது ஒன்று. முதலாவது கையை மீறிப் போகலாம். இரண்டாவது எப்போதும் கைக்குள்ளேயே இருக்கிறது. அண்ணை முதலாவதைக் காப்பாற்றுவதற்காக இரண்டாவதைக் கொடுத்துவிட்டார். எங்களுடைய வழக்கு இதுதான்.

*

தமிழில் கடன் என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. வாங்கிய பணமும் கடன், செய்ய வேண்டியதும் கடன். நேர்த்திக்கடன், பிதிர்க்கடன், காலைக்கடன் என்றெல்லாம் சொல்கிறோம். ஜேர்மனியிலுள்ள எங்கள் சகோதரர்கள் அங்குள்ள சொல்லை அறிவார்கள்: 'ஷூல்ட்' என்றால் குற்றம், 'ஷூல்டன்' என்றால் கடன்கள். நீட்சே 1887இல் வெளியிட்ட அறத்தின் வரலாறு பற்றிய நூலில், குற்ற உணர்வின் வேரைக் கடனில் தேடினார். அவர்கள் கடனைக் குற்றத்தோடு கட்டினார்கள். நாங்கள் கடமையோடு கட்டினோம். புலம்பெயர்ந்து வந்தபின் எங்கள் நெஞ்சில் இரண்டும் சேர்ந்துவிட்டன போலும். வங்கிக்குக் கட்டத் தவறியவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்.

கடன் எங்களுக்குப் புதிதல்ல. நாங்கள் இங்கு வந்து சேர்ந்ததே கடனில்தான். காணியை ஈடு வைத்து, தாலிக்கொடியை அடைவு வைத்து ஏஜென்சிக்குக் கட்டிய காசு அது. ஆனால் யாழ்ப்பாணத்தில் இன்னொரு முறையும் இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த தேசவழமையில் 'ஒற்றி' என்ற ஈடு பேசப்படுகிறது. கடன் கொடுத்தவர் காணியைத் தன் கையில் எடுத்து, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அனுபவிப்பார். மழை பொய்த்தால், பனை காய்க்காவிட்டால், அந்த வருடம் அவருக்கும் நட்டம்தான். ஒற்றி நல்லவர்களின் ஏற்பாடு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒற்றிக்குப் போய்த் திரும்பாத காணிகள் எத்தனையோ. ஆனாலும் கெட்ட காலத்தின் ஒரு பங்கு கொடுத்தவர் தலையிலும் விழுந்தது.

லைன் ஒவ் கிரடிட்டில் அந்தப் பங்கு இல்லை. வட்டி ஏறினால் வாங்கியவருக்கு. வீட்டு விலை இறங்கினாலும் வாங்கியவருக்கு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் வங்கி விரும்பிய நேரம் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கலாம். வங்கி எங்கள் தோல்வியை முன்னரே எதிர்பார்த்திருக்கிறது. அதற்காகத்தான் ஈடு, அதற்காகத்தான் வட்டியில் அந்த அரை வீதம் அதிகம். எங்கள் வீழ்ச்சி அதன் கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு வரி.

கோப்பை கழுவுகிற தம்பி தன் 3,000 டொலரைக் கொடுத்தபோது எதையும் எதிர்பார்க்கவில்லை. ஈடு கேட்கவில்லை, வட்டி கேட்கவில்லை, எழுத்தும் கேட்கவில்லை. அண்ணையின் முகம்தான் உறுதி. சட்டத்தின் வரிசையில் முதலில் மோட்கேஜ், அடுத்து லைன், கடைசியில் எழுத்தில்லாதவர்கள். அறத்தின் வரிசை அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். ஈடு வைத்திருப்பவருக்கு வீடு இருக்கிறது. ஈடில்லாதவருக்குக் கொடுத்த வாக்கைத் தவிர வேறொன்றுமில்லை.

*

குசினியில் ஒரு நண்பர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப வங்கிக்கு ஏன் கட்டுவான்? திறப்பை மேசையிலை வைச்சிட்டுப் போகவேண்டியதுதானே. அவங்களும் கள்ளர்தானே."

அவர் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. 2008 ஒக்ரோபரில் அமெரிக்க அரசு, விழுந்த நிதி நிறுவனங்களைத் தூக்கி நிறுத்த 700 பில்லியன் டொலர் வரை ஒதுக்கச் சட்டம் செய்தது. வீட்டை இழந்தவர்கள் வீட்டை இழந்தார்கள். எங்கள் சொந்த நாட்டையே பாருங்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசு தனது வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. எந்த அமைச்சரும் அதற்காகக் கலியாண வீடுகளுக்குப் போகாமல் ஒளித்திருக்கவில்லை. அரசு கட்டாவிட்டால் அதற்குப் பெயர் கடன் மறுசீரமைப்பு. குசினித் தொழிலாளி கட்டாவிட்டால் அவர் வங்குரோத்துக்காரன். வெட்கம் என்பது சிறியவர்களிடம் மட்டும் அறவிடப்படும் ஒரு வரி.

ஆயினும் அந்த நண்பரோடு நாங்கள் முழுதாக உடன்படவில்லை. ஒப்பந்தத்தில் யாரும் துவக்குக் காட்டிக் கையெழுத்து வாங்கவில்லை. அந்தப் பணத்தில் கூரை போட்டோம், தங்கைக்குக் கலியாணம் செய்தோம். வங்கிக்குக் கொடுத்த வாக்கும் வாக்குத்தான். ஆனால் அந்த வாக்கின் அளவு என்ன? கட்டுவேன், கட்டாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள் என்பதுதான் அது. என் நண்பனின் தாயின் வைத்தியக் காசையும் உனக்குத் தருவேன் என்று யாரும் கையெழுத்து வைக்கவில்லை. வீட்டை விட்டுக் கொடுப்பது அந்த வாக்கை மீறுவதாகாது. அதன் கடைசிப் பகுதியை நிறைவேற்றுவதாகும். திறப்பை வைத்துவிட்டு ஓடினால் கணக்கு முடிந்துவிடும் என்பதும் உண்மையல்ல. ஒன்ராறியோவில் வீடு விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால், மிச்சத்தை வாங்கியவர் மேல் கேட்கலாம். மிஞ்சினால் மிச்சம் பின்னாலுள்ளவர்களுக்கும் பிறகு அவருக்கும் வந்து சேர வேண்டும்.

*

அண்ணையைக் கீழே அழைத்தோம். எங்களுக்கு முன்னால் அவர் இருந்த விதத்தை எழுத விருப்பமில்லை. இலாச்சியிலிருந்து பதினொரு கடிதங்கள் வந்தன. நான்கு பிரிக்கப்படவேயில்லை. முதற் கடிதம் மிரட்டவில்லை. கட்டுவதில் சிரமம் இருந்தால் தொலைபேசியில் அழையுங்கள் என்றுதான் இருந்தது. அந்த நாளில் அழைத்திருந்தால் தவணையை மாற்றியோ, நிலையான கடனாக ஆக்கியோ ஏதாவது வழி கேட்டிருக்கலாம். கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. கேட்டிருக்கலாம்.

மறுநாள் எங்களில் ஆங்கிலம் வரக்கூடிய ஒருவரை வைத்துக்கொண்டு அவர் வங்கிக்கு எடுத்துப் பேசினார். அரச உரிமம் பெற்ற கடன்தீர்வு அலுவலரிடமும் போனோம். கடன்காரரோடு பேசித் தொகையைக் குறைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுகிற முறை ஒன்று உண்டு; ஆனால் வீட்டை ஈடாகக் கொண்ட கடனை அது தொடாது என்று அவர் விளங்கப்படுத்தினார். அந்த முறையில் குறைக்கப்படக் கூடியவை எங்களுடைய கடன்கள்தான். அண்ணை அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "அது வேண்டாம்" என்றார்.

அவர் தாமே வீட்டை விற்பது என்று முடிவாயிற்று. வங்கி விற்றால் அதன் சட்டச் செலவெல்லாம் எங்கள் தலையில். நியாயமான விலைக்கு விற்க வேண்டிய பொறுப்பு வங்கிக்கு உண்டு. நல்ல விலை வரும்வரை காத்திருக்க வேண்டிய பொறுப்பு இல்லை. விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டியபின் வங்கி பொறுத்தது. மே மாதம் 890,000 டொலருக்கு விலைப்பட்டது. மோட்கேஜும் லைனும் நிலுவைகளும் 820,000. தரகும் வரியும் சட்டத்தரணியும் 53,000. இருபது வருடக் குசினியில் மிஞ்சியது 17,000 டொலர்.

எங்களுக்கு வரவேண்டியது 28,500. கடை பூட்டியபின் குசினியில் கூடினோம். சமமாகப் பிரித்தால் டொலருக்கு அறுபது சதம் வரும். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பிரிக்கும். ஒருவர் கேட்டார்: "அப்ப இவன்ரை தாய்க்கு அறுபது வீதம் ஒப்பரேசனோ?" யாரும் பதில் சொல்லவில்லை. தம்பிக்கு 3,000ஐயும் முழுதாகக் கொடுத்தோம். மற்றவர்களுக்கு டொலருக்கு ஐம்பத்தைந்து சதம் கிடைத்தது. சரியான நீதியா என்று தெரியாது. ஒருவர் மனம் நொந்துபோய் எங்களோடு இப்போதும் பேசுவதில்லை. அவருக்கும் ஊரில் தாய் இருக்கிறார். மிச்சத்துக்கு அண்ணை மாதம் 300 டொலர் கொண்டுவந்து தருகிறார். இந்த முறை ஒரு கொப்பியில் எழுதுகிறோம்.

*

கடைசியாக எங்களுடைய கணக்கு ஒன்று உண்டு. அந்த வீட்டில் வாடகை குறைவு. அதனால் ஏன் குறைவு என்று நாங்கள் கேட்கவில்லை. அண்ணையின் வீட்டைக் காட்டித்தான் ஊரிலுள்ளவர்களுக்கு எங்கள் எதிர்காலத்தைச் சொன்னோம். அதனால் அந்த வீடு ஆடுவதைக் காண விரும்பவில்லை. விஷயம் வெளியானதும் எங்களில் சிலர் அதைக் கடை கடையாகக் கொண்டுபோனோம். அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுவிட்டு வந்து அழுதாள். வங்கி பதிவுத் தபாலோடு நின்றுகொண்டது. மிச்ச வேலையை எங்கள் நாக்கு சம்பளமில்லாமற் செய்தது.

அண்ணை ஏன் ஒளித்தார் என்ற கேள்விக்கு அங்கேதான் விடை இருக்கிறது. கடன்பட்டவர் உண்மை பேச வேண்டும் என்று கேட்கிற நாங்கள், அந்த உண்மையைப் பேசிவிட்டு அவர் இருக்கக்கூடிய ஓர் இடத்தை வைத்திருந்தோமா? இல்லை. வட்டி 2024 யூனிலிருந்து இறங்கத் தொடங்கியது. அண்ணைக்கு அது பிந்திவிட்டது. எங்கள் தெருக்களில் இன்னும் எத்தனை இலாச்சிகளில் பிரிக்காத கடிதங்கள் கிடக்கின்றனவோ தெரியாது.

போன மாதம் அண்ணை 300 டொலரைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றார். "தம்பியவை, இந்த மாசம் வேலை குறைவு. வாற மாசம் 300 தர ஏலாது, 150தான் வரும்" என்றார்.

கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டோம். பிறகு தேத்தண்ணி போட்டோம். அவரும் இருந்து குடித்துவிட்டுத்தான் போனார்.